ஊன்றுகோல் இல்லாமல் ஒரு தேர்வீதி

வழக்கு நடந்த காலம் முழுவதும் எங்கள் வீட்டு முன்னறைத் திரைச்சீலை மூடியே கிடந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. கடற்காற்றுக்காகவே கூடுதல் வாடகை கொடுத்து எடுத்த வீடு. அந்தக் காற்றை வெளியே நிறுத்திவிட்டுத்தான் நான் நடை பழகினேன். குசினியிலிருந்து பல்கனிக் கதவு வரை, பிறகு திரும்பக் குசினி வரை. நடக்க நடக்கத்தான் கால் தேறும் என்று களுபோவில ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் நான் நடப்பதை ஒருவரும் பார்த்துவிடக் கூடாது.

நான் காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தவள். ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது, ஹார்ட்வெயார் கடையொன்றில் சீமெந்து இறக்கிவிட்டுப் பின்பக்கமாக வந்த லொறி, நடைபாதையில் நின்ற என்னைச் சுவரோடு வைத்து அழுத்தியது. பின்னால் நின்று கைகாட்ட ஒருவரும் இருக்கவில்லை. சாரதி இறங்கி ஓடிவந்து என்னைவிடப் பெரிதாகக் கத்தினான். அந்த வலது காலில் இப்போது தகடும் ஆணிகளும் இருக்கின்றன. மருந்துக்கடை வேலை என்றால் நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. சற்று நேரம் நின்றாலே கால் வீங்குகிறது என்று தெரிந்ததும், முதலாளி மிகவும் மரியாதையாக என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். நட்டஈடு கிடைத்தால் அந்த வீட்டில் இருப்போம். கிடைக்காவிட்டால் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டு விறாந்தையில் பாய் விரிப்போம். சித்தியை எனக்குப் பிடிக்கும், ஆனால் அரை நாளைக்குத்தான்.

லொறிக் கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு பெண் சட்டத்தரணி. என்னைவிட இளையவர். முதல் நாளே என் கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, பொய் ஒண்டும் செல்ல வாணாம். நோவுண்டா நோவுண்டே செல்லுங்க. ஆனா அவங்கட இன்ஷூரன்ஸ்காரங்க ஆள் வெச்சுப் பாப்பாங்க. நீங்க நல்லா நடக்கிற மாதிரி ஒரு போட்டோ மட்டும் அவங்களுக்குக் குடுத்துராதீங்க. போட்டோல நோவு தெரியாது."

அவர் அதை ஒரு எச்சரிக்கையாகத்தான் சொன்னார். நான் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அதன்பிறகு ஹெல்மெட் போட்ட எவனைக் கண்டாலும் கம்பனி ஆளோ என்று நின்று பார்த்தேன். ஒருநாள் எங்கள் கேற்றுக்கு முன்னால் ஒருவன் போனும் கையுமாக வெகுநேரம் நின்றான். நான் திரைச்சீலை இடுக்கால் அவனையே பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். கடைசியில் மேல்மாடிக்குக் கொத்துரொட்டி கொண்டுவந்தவன் அவன் என்று தெரிந்தது. அப்படியும் மனம் ஆறவில்லை. கொத்துரொட்டி கொண்டுவருபவனுக்கும் கம்பனி காசு கொடுத்திருக்கலாமே என்று யோசித்தேன்.

வெளியே இறங்கும் நாட்களில் ஊன்றுகோலில் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்தேன். நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நோ இருந்தது உண்மை. ஆனால் நோ குறைந்த நாளிலும் அதே அளவுக்குத்தான் சாய்ந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அம்மா தன் நேர்த்திக்கடனைப் பற்றி வாய் திறந்தா. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலுக்குப் போய், என் பிள்ளை எழும்பி வந்தால் உன் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடப்பாள் என்று வேண்டியிருக்கிறா. தேருக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

"ஒரு அபிஷேகம், ஒரு பட்டுச்சேலை எண்டு வைச்சிருக்கக் கூடாதோ, அம்மா?"

"உன்ரை காலுக்குத்தானே கேட்டனான். காலாலதானே குடுக்கவேணும்."

"அப்ப பொல்லோட நடக்கட்டோ?"

"பொல்லும் சேர்ந்து வருமெண்டு நான் சொல்லேல்லையே, பிள்ளை."

அடுத்த வருடம் செய்வோம் என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா என் காலைப் பார்த்தா. அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. நான் பெரிய பக்திக்காரி இல்லை, ஆனால் தகடு வைத்த காலோடு அம்மனிடம் தவணை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு பக்கம் கம்பனி, மறுபக்கம் அம்மன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது என்னுடைய இந்த ஒரு காலைத்தான்.

கொட்டாஞ்சேனைதானே என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். வெள்ளவத்தையில் என்றால் நான் என்ன மீன் வாங்கினேன் என்பது எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். கொட்டாஞ்சேனையில் சித்தியைத் தவிர எங்களை யாருக்குத் தெரியும்? சட்டத்தரணிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

தேர் இருப்பிடத்தை விட்டு அசைந்ததும் அம்மா என் கையிலிருந்து ஊன்றுகோலை வாங்கினா. வீதிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஈரத்துக்கு மேல் என் காலை வைத்ததும் முழங்காலுக்குக் கீழே ஊசி இறங்கியது. அதைப் பொறுக்கலாம் போலிருந்தது. பொறுக்க முடியாதது வேறு. தேர் அசைந்த உடனே அந்தச் சனம் முழுவதும் போனைத் தூக்கியது. மதில்மேல், கடை வாசலில், மொட்டைமாடியில் எல்லாம் போன்கள். எல்லாம் அம்மனைப் பார்க்கின்றனவா, ஏதாவது ஒன்று என்னைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை. அரோகரா என்று சனம் சொன்னபோது நான் மனதுக்குள், தாயே என்னை மறைத்துவிடு என்று கும்பிட்டேன். அவளுக்காக நடக்க வந்தவள், அவளிடமே ஒளிக்க இடம் கேட்டேன். முதல் சந்தி வரை நடந்தேன். எவ்வளவு தூரம் என்று நேர்த்தியில் சொல்லவில்லை, இவ்வளவு காணும், போதும் என்று அம்மாவே கணக்கை முடித்தா. அன்றிரவு கால் பூசணிக்காயாக வீங்கியது. ஆனாலும் தப்பிவிட்டேன் என்ற நிம்மதி இருந்தது.

அடுத்த நாள் சித்தி பேஸ்புக்கில் படம் போட்டிருந்தா. மஞ்சள் சேலையில், வெறுங்காலோடு, ஊன்றுகோல் இல்லாமல் நான். மேலே, அம்பாள் அருளால் எங்கள் பிள்ளை பூரண சுகம் என்று எழுதியிருந்தா. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர்கள் கைகூப்பியிருந்தார்கள். உடனே சித்திக்குப் போன் எடுத்தேன்.

"சித்தி, அந்தப் படத்தை இப்பவே எடுங்கோ."

"ஏன் பிள்ளை, வடிவாத்தானே நிக்கிறாய். கண்ணூறு படுமெண்டு பயமோ?"

"கண்ணூறு இல்லை, கேஸ் இருக்கு."

"சாமி காரியத்துக்குள்ள கேஸ்காரர் ஏன் வரப்போகினம்?"

சித்தி படத்தை நீக்கினா. ஆனால் அதற்குள் எத்தனை பேர் பகிர்ந்திருந்தார்களோ. சட்டத்தரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கிட்ட முன்னுக்கே செல்லீக்கலாமே அக்கா," என்றார். பிறகு, "சரி. கேட்டா, நடந்தேன்டே செல்லுங்க," என்றார்.

கேட்டார்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்ன அன்று, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். இது நீங்கள்தானா? ஓம். ஊன்றுகோல் எங்கே? அம்மா வைச்சிருந்தவ. சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நடக்கிறீர்கள்.

"சிரிக்கேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு நடந்தனான்."

மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் சொன்னார். ஆனாலும் சிங்களத்தில் கேட்டபோது எனக்கே அது சாட்டுச் சொல்லித் தப்புவது போலத்தான் பட்டது.

அதன்பிறகு அவர் நீதிபதியிடம் அனுமதி கேட்டார். ஊன்றுகோலை வைத்துவிட்டு வாசல் வரை நடந்து காட்டச் சொன்னார்கள். கூண்டிலிருந்து இறங்கினேன். முழு மண்டபமும் என் காலைப் பார்த்தது. குசினியிலிருந்து பல்கனி வரை நடக்கும் நடை ஒன்று என்னிடம் இருந்தது. வீதியில் சாயும் நடை ஒன்று இருந்தது. தேருக்குப் பின்னால் பல்லைக் கடித்த நடையும் இருந்தது. இவற்றில் எது உண்மையானது என்று அந்த இடத்தில் தேடினேன். நன்றாக நடந்தால் வீடு போய்விடும். கூடுதலாக நொண்டினால் நான் பொய்க்காரி. உண்மையாக நடப்போம் என்றால் அது எப்படி என்று காலுக்கு மறந்துவிட்டது. எப்படியோ வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து சட்டத்தரணியைக் கேட்டேன், நான் எப்படி நடந்தேன் என்று.

"எப்பவும் நடக்கிற மாதிரித்தான் அக்கா," என்றார்.

எப்பவும் எப்படி நடக்கிறேன் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

தீர்ப்புக்கு முன்னரே கம்பனி சமரசத்துக்கு வந்தது. கேட்டதைவிடக் குறைவு, பயந்ததைவிடக் கூட. வாங்கிக்கொண்டு முடிக்கச் சொன்னார் சட்டத்தரணி, முடித்தோம். வீடு தங்கியது. அம்மா திரைச்சீலையைக் கழற்றித் தோய்த்தா. கடற்காற்று வந்தது.

போன கிழமை அம்மாவும் நானும் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஹெல்மெட் போட்டவன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினான். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கே, மே எட்ரஸ் எக்க கொஹெத?"

சிங்களத்தில் விலாசம் கேட்கிறான். யாருக்கோ பார்சல். கையால் வழி காட்டினேன். ஸ்தூதி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். நாங்களும் நடக்கத் தொடங்கினோம். கொஞ்ச தூரம் போனதும் அம்மா நின்றா.

"ஏன் பிள்ளை நொண்டுறாய்? நோகுதோ?"

"இல்லை அம்மா."

"அவன் போயிட்டான். கேஸும் முடிஞ்சுது. ஒழுங்கா நட."

ஓம் என்றேன். ஒழுங்கை முடியும் வரை நடந்தேன். எப்படி நடந்தேன் என்று அம்மாவைத்தான் கேட்கவேண்டும்.