பால்சுறா என்று விற்ற மீன்

போன வருஷம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த சமயம். பெங்களூரு சந்தாபுராவில் அவள் புகுந்த வீட்டில் நடந்தது இது. பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ள அம்மா திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தார்.

பால் சுரக்கட்டும் என்று பால்சுறா புட்டு செய்யச் சொன்னதே தங்கையின் மாமியார்தான். ஏரி மீனைத் தவிர வேறெதுவும் அறியாத அம்மா, தெருமுனைக் கடையில் தோலுரித்த துண்டுகளை வாங்கி வந்து செய்தார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தங்கைக்கு உதடு மரத்துப்போய் ஒரே வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, குழந்தை வீறிட்டு அழுதது.

மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "கெட்டுப்போன மீனைப் பார்த்து வாங்கத் தெரியாதா? பெத்த தாயா நீங்க?" மாப்பிள்ளை மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊருக்குக் கிளம்பப் பையில் புடவைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏற்றுமதியாகும் கடல்மீன் சொன்ன இனம்தானா என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் எலெக்ட்ரானிக் சிட்டியில் என் வேலை. மீன் கெட்டுப்போயிருந்தால் உதடு ஏன் மரக்க வேண்டும்? அம்மாவின் கையைப் பிடித்து, "ரெண்டு நாள் இரும்மா" என்று நிறுத்திவிட்டு, ஃப்ரீசரில் மிச்சமிருந்த துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுச் சோதித்தேன். அது சுறாவே இல்லை. பந்தாக உப்பிக்கொள்ளும் பேத்தை மீன்! உதட்டை மரக்கவைத்து, உயிரையே எடுக்கக்கூடிய விஷம் அதில் உண்டு. வெளிநாட்டுக்காரன் தட்டுக்கு இத்தனை சோதனை, எங்கள் வீட்டுப் பிள்ளை பெற்றவளுக்கு ஒன்றுமில்லையா என்று ஆத்திரமாக வந்தது.

நேராகக் கடைக்குப் போய்க் கத்தினேன். கடைக்காரர் கத்தியைக் கூடக் கீழே வைக்காமல், கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"தோலை உரிச்சிட்டா எல்லாம் ஒண்ணுதான் மேடம். லோடுல வந்ததை விக்கிறேன். சும்னே கலாட்டா பண்ணாதீங்க."

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் தங்கை வீட்டுக்குப் போனேன்.

தங்கை அதற்குள் தேறி வந்திருந்தாள். சோதனை முடிவை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன். "அப்போ கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்றார் மாமியார், எதுவுமே நடக்காத மாதிரி. அம்மாவிடம் ஒரு மன்னிப்பு? ம்ஹூம்.

நான் மறுபடி சண்டைக்கு எழுந்தபோது, அம்மா குழந்தையைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ருசி பார்த்ததுல எனக்குந்தான் அன்னைக்கு ராத்திரி முழுக்க உதடு மரத்துக் கிடந்துச்சு. மீனை இவ்வளவு விசாரிச்சீங்களே, என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சண்டையை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்தக் கடைக்காரர் மேலும் மாமியார் மேலும் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் யாருக்காகச் சண்டைக்குப் போனாலும், முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது கிளம்புகிறேன்.