பாயை விட்டு எழுந்த பெரியப்பா

எங்கள் வீட்டில் எல்லா வியாதிக்கும் ஒரே பெயர்தான், சூடு. கண் சிவந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, அப்பா காரணமில்லாமல் கத்தினால் அதுவும் சூடு. ஆகவே பெரியப்பா வரவர அடிக்கடி வீட்டுப் பின்பக்கம் போக ஆரம்பித்ததற்கும், போனவர் திரும்பி வர நெடுநேரம் ஆனதற்கும் அம்மாவும் சித்தியும் அதிகம் யோசிக்கவில்லை. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊறவைத்த வெந்தயம் கொடுத்தார்கள். அதற்கும் அடங்காமல் போகவே, கொல்லை வரப்பில் கிடந்த நெருஞ்சிலைப் பிடுங்கி வந்து, முள்ளோடு இடித்துக் கஷாயம் காய்ச்சி, சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்தார்கள். பாவம், அவர் தண்ணீருக்கே பயந்து வாழ்ந்துகொண்டிருந்த மனிதர். அது எங்களுக்குத் தெரியாது.

பெரியப்பா என் அப்பாவுக்கு மூத்தவர். பெரியம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த மாந்தோப்பையும் கேழ்வரகுக் கொல்லையையும் அவர்தான் கவனித்துக்கொண்டார். அக்காவையும் என்னையும் வளர்த்தவர் அவர்தான் என்று நான் சொன்னால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், ஏனென்றால் அப்பாவை வளர்த்தவரும் அவரே.

அவரிடம் சில விசித்திரமான பழக்கங்கள் சேர்ந்திருந்தன. கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். பஸ்ஸில் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் கதவுக்குப் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார். இரவில் பலமுறை எழுந்து வெளியே போவார். கேட்டால் தோப்பில் காய்த் திருடர்களைப் பார்க்கப் போனதாகச் சொல்வார். மாமரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லாத மாதத்தில் எந்தத் திருடன் வருவான் என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. பகலில் அவர் கண்கள் செருகிக்கொண்டே இருக்கும். குடும்பத்துக்காகத் தூக்கத்தைத் தியாகம் செய்கிறார் என்று எல்லோரும் உருகினோம்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூர் அருகே ஒரு கிராமம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் மிஷின் செய்யும் ஃபேக்டரியில் வேலை, பேண்ட் போடுவார். ஒரு கல்யாணத்தில் அவரைத் தூரத்தில் பார்த்திருந்த அக்கா, பக்கத்தில் பார்த்திருந்த சிறுமியான என்னிடம், மூக்கு எப்படி இருந்தது, சிரித்தால் பல் தெரிந்ததா என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இந்தச் சம்பந்தம் நடக்காவிட்டால் அக்கா தாங்க மாட்டாள் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாம்பூலம் மாற்றும் நாளில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே நீளப் பாயில் எதிரெதிரே உட்காருவார்கள். தட்டு மாறும் வரை அந்தப் பாயை விட்டு யாரும் எழக் கூடாது. எழுந்தால் அவருக்குச் சம்மதமில்லை என்று பொருள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லி மனத்தாங்கல் வளர்ப்பானேன் என்று எந்தக் காலத்திலோ யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. அதற்காகவே வெற்றிலை துப்பும் படிக்கத்தைப் பாயோரமே வைத்துவிடுவார்கள். மூத்தவர் எழுந்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது, வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அன்று காலை, நெடுநேரம் உட்கார வேண்டியவர் ஆயிற்றே என்று அம்மா கஷாயத்தைத் தாராளமாகவே கொடுத்தாள். சித்தி தன் பங்குக்கு மோர் கொடுத்தாள். வந்தவர்களுக்கு இளநீர் வெட்டியபோது மரியாதைக்கு அவரும் ஒன்று குடிக்க வேண்டியதாயிற்று. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குடித்தார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு மூத்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். சரிகைத் தலைப்பாகை கட்டிய கனத்த மனிதர். அவர் பேசிய தமிழில் பாதி கன்னடம். மழையில் ஆரம்பித்து, கேழ்வரகு விளைச்சலுக்கு வந்து, அங்கிருந்து பெங்களூர்ப் பெருமைக்குப் போய், அதை விட்டு நகர மாட்டேன் என்றார். பன்னீர்ச் செம்போடு பாயோரம் நின்றிருந்த நான் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மணத்தை மாற்றி மாற்றிப் போட்டார். அடிவயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது. கடைசியில் ஒருவழியாகத் தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். தட்டு பாய்க்கு வந்த அந்த நேரம் பார்த்து, பெரியப்பா எழுந்தார். யாரையும் பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் செம்போடு பின்னாலேயே ஓடினேன். வைக்கோல்போருக்கு அந்தப் பக்கம், மாமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பெரியப்பா முதுகு காட்டி நின்றிருந்தார். முனகல் கேட்டது. அக்காவைப் பிரிய முடியாமல் அழுகிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் கூப்பிடுவதற்குள் தலைப்பாகைக்காரர் செருப்புச் சத்தத்தோடு வேகமாக வந்தார். பயந்து போரின் மறைவில் ஒதுங்கிக்கொண்டேன்.

"இன்னா சாமி இது? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா மொதல்லயே சொல்றதுக்கின்னா? ஜனத்தைக் கூட்டிக்கினு வந்து பாயில குந்த வச்சு அவமானம் பண்றீங்களே!"

பெரியப்பா திரும்பவில்லை. "இஷ்டம் இல்லாம இல்ல. முடியல சாமி," என்றார்.

தலைப்பாகைக்காரர் பக்கத்தில் போனார். பெரியப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி அடுத்து வந்த குரல் வேறு மனிதருடையதாக இருந்தது.

"அய்யோ தேவரே! ராத்திரி எத்தினி வாட்டி எழுந்துக்கிறீங்க?"

"எழுந்துக்காத ராத்திரி ஏது?"

மாங்காய்த் திருடர்களைப் பற்றி இந்த நேரத்தில் என்ன விசாரணை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மீதியைத் தணிந்த குரலில் பேசினார்கள். தலைப்பாகைக்காரர் தன் அடிவயிற்றைத் தொட்டு ஏதோ காட்டினார். கார் நிற்கிறது, இப்போதே கிளம்பலாம் என்று அவர் பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. பெரியப்பா அசையவில்லை.

"தட்டு மாத்திட்டுதான் வருவேன். எம் புள்ள உள்ள உக்காந்துக்கினு இருக்குது."

இருவரும் சேர்ந்தே கூடத்துக்குள் வந்தார்கள். தலைப்பாகைக்காரர் உட்காராமலே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவரு எழுந்து போவல. நான்தான் வெளிய வாங்கன்னு ஜாடை காட்டினேன். தனியா ஒரு பேச்சு இருந்துச்சு."

பச்சைப் பொய். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், அவர் ஒரு ஜாடையும் காட்டவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி என் இடுப்பில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. அவர் மேலும் சொன்னார்: "ஒரே ஒரு கண்டிஷன். தட்டு மாறுனதும் இவரு எங்கூட பெங்களூர் வரணும்."

எதற்கு என்று அப்பா கேட்டார். அது எங்கள் இரண்டு பேர் சமாச்சாரம் என்று தலைப்பாகைக்காரர் முடித்துவிட்டார்.

பெரியப்பா மறுபடி பாயில் உட்கார்ந்தார். தேங்காய், வெற்றிலை, மஞ்சள், புடவை வைத்த தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். கைகள் நடுங்கின. தேங்காய் உருண்டு தட்டின் விளிம்பில் இடித்துச் சத்தம் கேட்டது. கண்ணில் நீர் திரண்டிருந்தது. நான் குனிந்து அவர் காதோடு கேட்டேன்: "பெரிப்பா, ஏன் இப்பிடி கை நடுங்குது?"

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "சந்தோசம்டி அம்மா."

தட்டு மாறியது. அடுத்த நிமிடம் அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார்கள். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். பெண்ணைக் கேட்டு வந்தவர்கள், அவள் வரும்வரை ஈடாகப் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்! நான் காரின் முன்னால் போய் நின்றுகொண்டு, அக்காவை வேண்டுமானால் கூட்டிப் போங்கள், பெரியப்பாவை விடுங்கள் என்று ஊரே கூடும்படி கத்தினேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பாதிப் பன்னீர் டிரைவர் மேலும் மீதி அப்பா மேலும் போயிற்று.

பல வாரம் கழித்துப் பெரியப்பா திரும்பி வந்தார். இளைத்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. வந்ததும் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்தார். இரவெல்லாம் அடித்துப்போட்டது போல் தூங்கினார். அந்த வருஷம் தோப்பில் நிஜமாகவே காய் திருட்டுப் போயிற்று, அவர் கவலைப்படவில்லை. வயிற்றில் இருந்த ஒரு கட்டியை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் பெண்களுக்குச் சொன்னார்கள். தான் கொடுத்த நெருஞ்சில் கஷாயம் இளக்கி வைத்திருந்ததால்தான் கட்டி சுலபமாக வந்தது என்று அம்மா கடைசிவரை நம்பினாள்.

உண்மையை எனக்குச் சொன்னவர் அக்காவின் வீட்டுக்காரர், அதுவும் எனக்குக் கல்யாணமாகி, என் மாமனாருக்கும் அதே தொந்தரவு வந்த பிறகு. மூத்திரப்பையின் வாயைச் சுற்றி ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, வயதானால் அது வீங்கி வழியை நெருக்கும். அடிக்கடி போகத் தோன்றும், போனால் நின்று நின்று வரும், ஒருநாள் அடியோடு அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு ஊற்றும் கஷாயமெல்லாம் உள்ளேதான் நிற்கும். அன்று அவருக்கு நடந்தது அதுதான். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய் போட்டு வடித்த பிறகுதான் பெங்களூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே விட்டிருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கும் என்றாராம் டாக்டர். தலைப்பாகைக்காரர் அதே ஆபரேஷனைச் செய்துகொண்டு பிழைத்தவர், அதனால்தான் நின்ற கோலத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டார். இத்தனை பேர் இருந்த வீட்டில், வருஷக்கணக்காக, வாய் திறந்து சொல்ல அவருக்கு எங்களில் ஒருவர்கூட இல்லை.

ஆனால் இது தெரிய வருவதற்கு முன்பே என் தாம்பூலம் மாற்றும் நாள் வந்து போய்விட்டது. அதே கூடம், அதே நீளப் பாய். பெரியப்பா நடுவில் உட்கார்ந்து பானகத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார், எல்லோரையும் விட அதிகம் பேசினார், அசையக்கூட இல்லை. நான் கதவிடுக்கில் நின்று அவர் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தூக்கினார். ஒரு நடுக்கம் இல்லை. தேங்காய் வைத்தது வைத்தபடி இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை.

உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். கைக்குழந்தையோடு வந்திருந்த அக்கா என்னவென்று கேட்டாள். உன்னைக் கொடுத்தபோது பெரியப்பாவுக்கு இருந்த சந்தோஷம் என்னைக் கொடுக்கும்போது இல்லை என்று விம்மி விம்மிச் சொன்னேன்.