கோழிச் சட்டியில் கற்பூரவல்லி

எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே, மதில்மேல் ஒரு மண்சட்டி உட்கார்ந்திருக்கிறது. அகலமான வாய். அடியெல்லாம் கரி. விளிம்பில் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருக்கும். அதில் கற்பூரவல்லி மண்டிக் கிடக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அந்தச் சட்டியைத் தேடித்தான் வருவார்கள். "நாலு இலை கிள்ளிக்கிறேம்மா" என்று ஒரு குரல் வரும், பதில் போவதற்குள் இலையும் போயிருக்கும். அவர்களில் யாருக்கும் அந்தச் சட்டியின் பழைய உத்தியோகம் தெரியாது. அது எங்கள் அம்மாவின் கோழிக்குழம்புச் சட்டி.

அம்மா வைக்கிற கோழிக்குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் வேறு எதையும் எழுத மாட்டேன், அதனால் ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கு அவருக்குத் தாகம் அதிகம். இதெல்லாம் வருஷத்தில் சில நாட்கள்தான். இரண்டு தறி ஓடுகிற வீட்டில் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுப்பார்கள். கோழி அப்படி வராது. காலையில் முற்றத்தில் நம் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது மத்தியானம் இலையில் இருக்கிறது என்றால், யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். கோழியைச் சாப்பாடு என்றே நாங்கள் நினைத்ததில்லை. அது மரியாதை. வந்தவரிடம் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அந்தக் குழம்புதான் சொல்லும்.

அதனால்தான் அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா முதல் விருந்தில் கோழி வேண்டாமென்று கையால் இலையை மறைத்தபோது, எங்கள் வீடே இடி விழுந்த மாதிரி ஆனது.

மாமாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவார், பாதிப் பேச்சை அக்காவிடம் சொல்லி அக்கா நம்மிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு ரசம் சோறு மட்டும் சாப்பிட்டார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, கல்யாணத்தில் எதில் குறை வைத்தோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவர் தலை நிமிர்ந்து, "அத்தை, கோழி எனக்கு ஆகாது. தொண்டை அடைச்சுக்கும். முட்டை இருந்தா ஒண்ணு போடுங்க" என்றார்.

முட்டை! அங்கேதான் அவர் கட்சி தோற்றது. அப்பா அடக்க முடியாமல், "ஏம்பா, முட்டை உள்ள போவுது, அதைப் போட்ட அம்மா மட்டும் போவாதா?" என்று கேட்டுவிட்டார். மாமாவும் சிரித்தார். சின்ன வயதில் ஒரு தடவை, வேலையில் சேர்ந்த புதிதில் கேன்டீனில் ஒரு தடவை, உதடு வீங்கி மூச்சு இழுத்துக்கொண்டது என்று சொன்னார். ஆடு, மீன், முட்டை எல்லாம் சரி, கோழிக்கறி மட்டும் ஆகாது. அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை என்று அவள் ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது.

எனக்கோ கொண்டாட்டம். நான் அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன், விலங்கியல் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவள். மறுநாளே காலேஜ் நூலகத்தில் தேடி 'அலர்ஜி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ரத்தத்துக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள், விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறார்கள், அந்த அடிதடியில் வீடே வீங்கிப்போகிறது என்று தெருவில் கிடைத்தவர்களையெல்லாம் நிறுத்தி விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அப்ப கொஞ்சமா சாப்ட்டா?" என்றார்கள்.

அம்மா நம்பியது சித்திரையில். அன்றைக்கு எங்களுக்குக் கோழி, மாமாவுக்கென்று தனியாக ஆட்டுக்கறி. இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம், எல்லாம் சரியாகத்தான் செய்தாள். கரண்டி மட்டும் ஒன்று. கோழிக்குழம்பைக் கிண்டிய கையோடு அதே கரண்டியால் மாமாவுக்குப் பரிமாறிவிட்டாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பார். உதடு தடித்தது. கழுத்தெல்லாம் சிவப்புத் திட்டு. பிறகு மூச்சோடு ஒரு விசில் சத்தம். அப்பா ரிக்‌ஷாவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார். டாக்டர் ஊசி போட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றாராம். அம்மா அந்தக் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் திரும்பி வரும்வரை கீழே வைக்கவில்லை.

ஆனால் நம்புகிறவள் அம்மா ஒருத்திதானே. சொந்தபந்தம் பெரிது. புது மாப்பிள்ளைக்கு ஊரெல்லாம் விருந்து. மாமாவுக்கு எதிரி என்று யாரும் கிடையாது, அவர்மேல் பிரியம் வைத்தவர்கள்தான் அவருக்கு ஆபத்து. வேண்டாம் என்றால் மனது புண்படும், சரி என்றால் உயிர் போகும்.

ஆடியில் மாகறலில் கூழ் ஊற்றினார்கள். அம்மாவின் அக்காவை அங்கேதான் கொடுத்திருந்தது. பெரியப்பா விவசாயி, பேசினால் நாலு வயல் தள்ளிக் கேட்கும், தங்கமான மனுஷர். அப்பாவோடு ஜரிகை வியாபாரம் செய்யும் பாயும் எங்களோடு வந்திருந்தார். பந்தி உட்கார்ந்தது. கோழிக்குழம்பு வாளியோடு பெரியப்பா வரிசையாக வந்தார். பாய் இலைக்கு முன்னால் வந்ததும் நிற்கவே இல்லை. "பாய்க்குத் தயிர் ஊத்துங்கப்பா" என்று பெரியப்பாவே சொல்ல, வாளி தாண்டிப் போனது. வீட்டில் அறுத்த கோழி, அவர் சாப்பிட மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, யாரும் வருத்தப்படவும் இல்லை.

அடுத்த இலை மாமாவுடையது. அங்கே வாளி நின்றது.

"இன்னா மாப்ளே, கைய வெச்சு மறைக்கிறீங்க? ரயில்வேக்காரருக்கு எங்க வூட்டுக் கோழி எளப்பமா பூட்சா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. உடம்புக்கு ஒத்துக்காது."

"ஊரே துன்னுது, ஒங்க ஒடம்புக்கு மட்டும் ஒத்துக்காதா? ஒரே ஒரு துண்டு. எனுக்காவ."

நான் குறுக்கே புகுந்து காவல்காரர் கதையை ஆரம்பித்தேன். "காலேஜ்காரி, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் பெரியப்பா. பாய் நிலைமையை இலகுவாக்கப் பார்த்து, "மாப்ளே, பேசாம நம்ம கட்சிக்கு வந்துடுங்க" என்றார். சிரித்தார்கள். ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது. கரண்டி இலைக்கு மேலே நின்றது, குழம்பு சொட்டப்போகிறது. மாமா அக்காவைப் பார்த்தார். பிறகு தன் கையை மெதுவாக இலையிலிருந்து எடுத்தார். எடுத்தே விட்டார்! பெரியப்பாவின் மனதை நோகடிக்காமல் இருக்க அந்த மனிதர் சாப்பிடத் துணிந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போடாதீங்க. அவருக்கு வேண்டுதல் இருக்குது. கொமரகோட்டத்து முருகனுக்குக் கோழிய வுட்டுட்டாரு."

கரண்டி அப்படியே பின்வாங்கியது. பெரியப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சேவக்கொடிக்காரனுக்கு வேண்டுதலா! அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மாப்ளே? நான் பாட்டுக்கு வம்பு பண்ணிக்கினு இருக்கறேன்." மாமாவின் இலையை எடுத்துவிட்டுப் புது இலை போடச் சொன்னார். நான் மாதக்கணக்கில் விளக்கி முடியாத ஒன்றை அம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். பொய்தான், ஆனால் என்ன அழகான பொய் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் பூரித்துப்போயிருந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே வந்தாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டுத் தனியாகக் குமரகோட்டம் போய்விட்டு வந்தாள். நெற்றியில் விபூதியோடு நேராக அடுப்பங்கரைக்குள் போய்க் கோழிச் சட்டியை எடுத்து வந்தாள். துவைக்கிற கல்மேல் கவிழ்த்து வைத்து, ஒரு ஆணியையும் கல்லையும் வைத்து அடியில் தட்டினாள். ஓட்டை விழுந்தது. நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"அவரு ஒண்ணும் வேண்டிக்கலியேடி. சாமி பேரைச் சொல்லி நான்தான் பொய் சொல்லிட்டேன். அதான் போயி, நான் வுட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப அது பொய் இல்ல." மண்ணை அள்ளிப் போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஒடித்து வந்து நட்டாள். "மாப்ளே கிட்ட சொல்லாத. தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

கோழியில் கழுத்துத் துண்டு என்றால் அம்மாவுக்கு உயிர். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அதற்கப்புறம் எந்தப் பந்தியிலும் அம்மா பரிமாறுகிறவளாகவே இருந்தாள், கடைசியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பாள். பரிமாறுகிறவள் என்ன சாப்பிட்டாள் என்று எந்த வீட்டில் பார்க்கிறார்கள்? மாமாவோ நிம்மதியாக ஊர் ஊராக விருந்து சாப்பிட்டார். அடுத்த வருஷம் அக்காவுக்குப் பையன் பிறந்ததும், வேண்டுதல் எதற்காக என்று எல்லோருக்கும் தானாகவே விளங்கிவிட்டது.

பையன் நடக்க ஆரம்பித்த பிறகு அம்மா டைபாய்டில் விழுந்தாள். ஜுரம் இறங்கியும் ஆள் எழுந்திருக்கவில்லை. தலையணையோடு தலையணையாகக் கிடந்தாள். கஞ்சி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பில் சத்தே இல்லை, இப்படியே விட்டால் தேறுவது கஷ்டம், கோழி சூப் வைத்துக் கொடுங்கள் என்றார் டாக்டர். அக்கா அரக்கோணத்திலிருந்து ஓடி வந்து சூப் வைத்துக் கொண்டுபோனாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. அக்கா கெஞ்சினாள், அப்பா அதட்டினார். "வேணாம்" என்ற ஒரு வார்த்தைதான். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்தி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாவது நாள் மாமா வந்தார். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமா ரொம்ப நேரம் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு புறப்பட்டார். திரும்பி வந்தபோது கையில் விபூதிப் பொட்டலம். அம்மாவின் நெற்றியில் பூசிவிட்டுப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்தை, வேண்டுதல் எம்பேர்லதானே சொன்னீங்க? தேங்காய் ஒடைச்சு முடிச்சுட்டு வந்துட்டேன். இனிமே ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. சூப்பைக் குடிங்க."

அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். அந்த பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். "முடிச்சுட்டேன்னா... நாளைக்கு மாகறல்ல கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"ஒத்துக்காதுன்னு சொல்லுவேன்."

"அவுங்க கேக்க மாட்டாங்களே."

"கேக்கற வரைக்கும் சொல்லுவேன். நீங்க குடிங்க அத்தை."

கொதிக்கிற கோழியின் ஆவி பட்டால் அவருக்கு மூச்சு இழுத்துவிடுமோ என்று எனக்குப் பயம். அக்கா மறுபடி அடுப்பு மூட்டியதும் நான் அவரை வெளியே விரட்டினேன். தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றார். நான் ஊட்டினேன். ஒரு வாய் குடிப்பாள், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பாள். மறுபடி ஒரு வாய். கிண்ணம் காலியானதும் அதை ஜன்னலில் கவிழ்த்துக் காட்டினேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சுக்காகப் பொத்திய துண்டு கண்ணுக்கும் ஆயிற்று.

அம்மா எழுந்து நடமாடிய பிறகு எல்லோருமாக மாகறல் போனோம். செய்தி முன்னாலேயே போயிருந்தது. "வேண்டுதல் முடிஞ்சிதாமே மாப்ளே! இத்தினி வருசத்துக்கும் சேத்து இன்னிக்கி வெச்சுக்கலாம்" என்று பெரியப்பா வாளியோடு வந்து நின்றார். மாமா இந்தத் தடவை அக்காவைப் பார்க்கவில்லை, இலைமேலிருந்த கையையும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "பெரியவரே, வேண்டுதல் எனக்கு இருந்ததே இல்ல. ஒங்க மனசும் நோவக் கூடாது, என் உசுரும் போவக் கூடாதுன்னு அத்தை அன்னிக்குச் சொன்னது. சொன்னதுக்காக இத்தனை வருஷம் அவங்க கோழி சாப்பிடலை. ஜுரத்துல சாவக் கெடந்தப்பக்கூட வாயைத் தொறக்கலை. இதுக்கு மேலயும் நீங்க போட்டா நான் சாப்பிடறேன்."

பெரியப்பா அம்மா பக்கம் திரும்பினார். "நெசமாவாம்மா? கழுத்துத் துண்டு கூடவா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா கையிலிருந்த கரண்டியை என்ன செய்வதென்று தெரியாதவர் போல ஒரு கணம் பார்த்தார். வாளிக்குள் போட்டார். பிறகு உள்ளே திரும்பி, நாலு வயலுக்குக் கேட்கும் அந்தக் குரலில், "ஏய், மாப்ளைக்கு வேற கரண்டி எடுத்தாடி! நல்லாக் கழுவி எடுத்தா!" என்று கத்தினார்.

இப்போது நான் சென்னையில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். காவல்காரர் கதையை அங்கே சொன்னால் பிள்ளைகள் உடனே நம்புகிறார்கள். எங்கள் ஊர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் கோழி எப்போதும் கிடைக்கும் என்று பலகை மாட்டிவிட்டார்கள். காசு கொடுத்தால் தட்டில் வருகிறது. வேண்டாம் என்றால் சர்வர் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறான். மாமாவுக்கு இதைவிட வசதி என்ன இருக்க முடியும்? இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மாகறல் பந்திதான் ஞாபகம் வருகிறது. வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்கு ஒரு மனிதர் அவ்வளவு வருந்தினாரே.

போன பொங்கலுக்கு அக்கா ஒரு புதுச் சட்டி வாங்கி வந்தாள். "வேண்டுதல்தான் முடிஞ்சுபோச்சே, இதுல ஒரு நாளைக்குக் குழம்பு வெச்சுச் சாப்பிடும்மா" என்றாள். தேறி எழுந்த நாளிலிருந்து அம்மா மறுபடி கோழி பக்கம் போகவில்லை. அம்மா சட்டியைத் தட்டிப் பார்த்தாள். நல்ல சட்டிதான், ஆனால் பழைய சட்டியின் ருசி வராது என்றாள். அப்படியானால் செடியைப் பிடுங்கிவிட்டுப் பழைய சட்டியையே எடு என்றேன் நான்.

"அடியிலதான் நானே ஓட்டை போட்டு வெச்சிருக்கறேனே. அதுவும் இல்லாம, வேர் வுட்டுக்கினு நல்லா இருக்குது. அதப் போயி புடுங்குவாங்களா?"

அப்போது மாமா வந்தார். அவருக்கு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கால் கழுவப் பின்பக்கம் போனால், மிச்சத் தண்ணீரை மதில்மேல் இருக்கும் அந்தச் சட்டியில் ஊற்றுவார். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே உள்ளே வருவார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். "உக்காருங்க மாப்ளே" என்று இலையைப் போட்டுவிட்டு, அம்மா முட்டையை உடைக்கப் போனாள்.