வாரன்டி முடியும் நாளில் ஆயுத பூஜை

2011 அக்டோபர் 5, புதன்கிழமை. அரசு விடுமுறை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து பால் வாங்கி வந்தேன். ஜெபம் முடித்து, காபி குடித்துவிட்டு, காரின் உறையைக் கழற்றி நான்காக மடித்து வைத்தேன். நான்கு டயர்களையும் சுற்றி வந்து பார்த்தேன். பிறகு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மற்ற விளக்குகளோடு சேர்ந்து எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட்டது. அது அணைந்ததில் எனக்கு மனம் சோர்ந்தது.

காரணம் இதுதான். காரின் வாரன்டி அன்றோடு முடிகிறது. ஆகஸ்ட் மாத சர்வீஸின்போது, சர்வீஸ் சென்டரில் எங்கள் வண்டியைக் கவனிக்கும் இளைஞர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்: "ஆக்ஸிஜன் சென்சார் ரெண்டுமே சோர்ந்துபோச்சு சார். ஆனா விளக்கு எரிஞ்சாதான் கம்பெனி மாத்திக் குடுக்கும். வாரன்டிக்குள்ள எரிஞ்சுதுன்னா உடனே வாங்க."

புகைக்குழாயில் இருக்கும் அந்தச் சென்சார்கள்தான் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று சொல்கின்றன. அவை கெட்டால் மைலேஜ் குறையும். அப்படியே ஓட்டினால் குழாயில் இருக்கும் இன்னொரு பெரிய பாகமும் கெடும். சொந்தச் செலவில் இரண்டையும் மாற்றப் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார். அவ்வளவு பணம் என்னிடம் ஓரிடத்தில்தான் இருந்தது. சிதம்பரத்தில் படிக்கும் மகளுக்குத் திங்கட்கிழமை கட்ட வேண்டிய செமஸ்டர் கட்டணம் அது.

இந்த வாரன்டிக்காக மூன்று வருடம் நான் கட்டிய பணம் கொஞ்சமல்ல. ஒவ்வொரு சர்வீஸிலும் எண்ணெய், ஃபில்டர் போக ஏதாவது ஒன்று கூடுதலாகச் சேரும். எஞ்சினைக் கழுவும் மருந்து, ஏ.சி.க்கு ஒரு மருந்து, வீல் அலைன்மென்ட். "இது கட்டாயமா தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன். "கட்டாயம்னு இல்ல சார். செய்யலைன்னா நாளைக்கி வாரன்டியில கேள்வி வரும்" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்து எல்லாவற்றையும் செய்தேன். அப்படிக் காப்பாற்றிய வாரன்டி ஒரு நாளும் எனக்கு உதவியதில்லை. ஆகஸ்டிலிருந்து தினமும் அந்த விளக்கு எரிய வேண்டும் என்று காத்திருந்தேன்.

தொடர்ந்து தூரமாக ஓட்டினால் எரிய வாய்ப்பு உண்டு என்றும் அவர் சொல்லியிருந்தார். ஆகவே கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம்வரை போய்த் திரும்புவது என்று முடிவு செய்தேன். முதல் நாளே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன். "தொறந்திருக்கும் சார், பூஜை இருக்கு, வாங்க" என்றார்கள். அடுத்த தெருவில் இருக்கும் என் மனைவியின் தம்பி, சும்மாதான் இருக்கிறேன் என்று கூட வந்தான். பத்து வருடப் பழைய காரைத் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டு ஓட்டுகிறவன் அவன். ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"மாமா, ஊர்ல எல்லாரும் வண்டி நல்லா ஓடணும்னு சாமி கும்புடுறான். நீங்க ஒருத்தர்தான் ரிப்பேர் ஆவணும்னு ஜெபமாலை உருட்டுறீங்க."

"வாய மூடிக்கிட்டு வாடா. அந்த விளக்கப் பாரு."

"நான் பாத்தா எரியுமா? அக்காவக் கூட்டியாந்திருக்கலாம். அது பாத்தா எல்லாம் எரியும்."

வழியெங்கும் லாரிகளிலும் ஆட்டோக்களிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது, வெள்ளாற்றுப் பாலமும் தாண்டியது. விளக்கு எரியவில்லை. சிதம்பரம் பேருந்து நிலையத்தருகே உடைத்த பூசணிக்காய்களின் மேல் டயர் ஏறாமல் மெதுவாகச் சுற்றித் திரும்பினேன். அங்கே டீ குடிக்கலாம் என்றான் மச்சான். எஞ்சின் சூடு ஆறிவிடும் என்று நான் நிறுத்தவில்லை.

திரும்பும் வழியில், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் இடத்தைத் தாண்டியதும் வண்டி லேசாக ஒரு முறை திக்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"எரியுது மாமா! எரியுது!" என்று அவன் தொடையில் தட்டினான். சாலையில் போன ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். ஒருவேளை அணைந்துவிட்டால்? செல்போனில் படம் எடுக்கச் சொன்னேன். அவன் மூன்று எடுத்தான். ஒன்றில் என் மூக்கும் விழுந்திருந்தது. கடலூர்வரை எங்கும் எஞ்சினை நிறுத்தவில்லை. ரயில்வே கேட்டில் எல்லோரும் அணைத்துவிட்டுக் காத்திருந்தபோதும் எங்கள் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டர் வாசலில் பெரிய கோலம். உள்ளே ஸ்பேனர்கள், ஜாக்கிகள், காற்றடிக்கும் இயந்திரம் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டிருந்தார்கள். கருவிகளை அன்று தொடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். முதுநகரில் இந்துக்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் எனக்கு வேண்டியது பழுது பார்ப்பது அல்ல, புகாரைப் பதிவு செய்வது மட்டும்தான். அந்த இளைஞர் வேட்டியில் வந்தார்.

"சார், வண்டிய ஆஃப் பண்ணுங்க, பெட்ரோல் வீணாவுது."

"விளக்கு போயிடும் தம்பி."

"போனாலும் உள்ள பதிஞ்சிருக்கும் சார், பயப்படாதீங்க."

அணைத்தேன். புகாரைப் பதிந்து இன்றைய தேதியில் ஜாப் கார்டு போட வேண்டும் என்றேன். அவர் சங்கடத்தோடு உள்ளே கை காட்டினார். கணினிக்கு மாலை போட்டிருந்தார்கள். கீபோர்டின் மேல் ஒரு வாழைப்பழம் இருந்தது.

"கம்ப்யூட்டரே பூஜையில இருக்குங்க. நாளைக்கிதான் எடுப்போம்."

"ஒரு தாள்ல கையால எழுதி, முத்திரை குத்திக் குடுங்களேன்."

"சீலும் சாமிகிட்டதான் இருக்கு. பேனாகூட."

"என் பேனா இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. இன்று எழுதக் கூடாது என்று மென்மையாகச் சொல்லி, பொரியும் சுண்டலும் போட்ட பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"மூணு வருசம் கொட்டிக் குடுத்ததுக்கு ஒரு பொட்டலம் சுண்டலாவது கெடச்சுது மாமா" என்றான் மச்சான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இளைஞர் சற்று யோசித்து ஒரு வழி சொன்னார். கம்பெனியின் இலவசத் தொலைபேசி எண்ணுக்கு நானே புகார் கொடுத்தால் அவர்கள் இன்றைய தேதியில் பதிவு செய்துகொள்வார்கள். வாசலில் நின்று போன் செய்தேன். நெடுநேரம் இசை ஓடியது. பிறகு ஒரு பெண் பேசினார். வண்டி எண்ணையும் ஓடிய கிலோமீட்டரையும் கேட்டுக்கொண்டு ஒரு புகார் எண் கொடுத்தார். இரண்டு முறை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டேன். "இனி கவலை இல்லையே?" என்று கேட்டேன். "வாரன்டியில ஏத்துக்கறது உங்க சர்வீஸ் சென்டர் முடிவுங்க சார்" என்றார்.

அன்று பகல் சாப்பாடு இறங்கவில்லை. "போனா போவுது, என் வளையல வச்சிக் கட்டிக்கலாம், முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காராதீங்க" என்றாள் மனைவி. அப்படிச் சொன்னது என் பயத்தை அதிகமாக்கியது. வண்டி வாங்கலாம், கம்பெனி சர்வீஸே செய்யலாம் என்றது இரண்டும் நான்தான். அதற்காக அவள் வளையலைக் கழற்றுவதா? படுக்கப் போகும்போதும் மேலாளர் எந்தக் காரணம் சொல்லி மறுப்பார், நான் என்ன பதில் சொல்வது என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் சர்வீஸ் சென்டர் திறக்கும் முன்பே வாசலில் முதல் வண்டியாக நின்றேன். பூஜையை முடித்துக் கணினியின் மாலையை எடுத்தார்கள். இளைஞர் புகார் எண்ணைக் காட்டி மேலாளரிடம் பேசினார். மேலாளர் என்னையும் வண்டியையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நான் இரவெல்லாம் தயாரித்திருந்த பதில்களை மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நேத்து தேதியிலயே ஏத்திடலாம் சார், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா விஜயதசமி அன்னிக்கி மொத பில்லே வாரன்டி பில்லா, சைபர் ரூபான்னு போட மனசு வரல. வேற யாராச்சும் போணி பண்ணட்டும், அது வரைக்கும் ஒக்காருங்க."

வேறு யாரும் வரவில்லை. வாசலை இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. வாட்டர் வாஷுக்கு எவ்வளவு என்று கேட்டேன். மேலாளர் முகம் மலர்ந்தது. பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். அன்றைய முதல் ரசீது என் பெயரில் வந்தது. அதன் பிறகே இளைஞர் கீபோர்டை அருகே இழுத்து என் புகார் எண்ணைத் தட்டத் தொடங்கினார். வெளியே என் காரின் மேல் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது.