செடிதானே, ஒண்ணும் செய்யாது

எங்களுக்குச் சிம்மக்கல்லில் நாட்டு மருந்துக் கடை. வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, முகர்ந்து, கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். சரக்கு கொண்டு வருகிறவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "உனக்கு எதுலதான் நம்பிக்கை?" என்று என் கணவரே கேலி செய்வார்.

அப்படிக் கேலி செய்த மனிதர்தான் வைரஸ் காய்ச்சல் முற்றி, நினைவில்லாமல் ஐ.சி.யு.வில் கிடந்தார். எந்த மருந்துக்கும் காய்ச்சல் கேட்கவில்லை. டாக்டர் என்னையும் கொழுந்தனையும் கூப்பிட்டு, புதுச் சிகிச்சை ஒன்று ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொன்னார். ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு ஃபில்டர் வழியாக விட்டு, திரும்ப உடம்புக்குள் அனுப்புவார்களாம். ஃபில்டருக்குள் ஒரு செடியிலிருந்து எடுத்த பொருளை ஒட்ட வைத்திருக்கிறார்களாம். வைரஸின் மேல்தோலில் இருக்கும் சர்க்கரையை அது பிடித்துக்கொள்ளுமாம்.

"செடிதானே மதினி, ஒண்ணும் செய்யாது. போடச் சொல்லுங்க" என்றான் கொழுந்தன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையே சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களை நாள் தவறாமல் திட்டுகிறவள் நான்.

"அரளியும் செடிதான். அரைச்சுத் தாரேன், குடிக்கிறியா?" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, டாக்டரிடம் திரும்பி, என்ன செடி, எந்தப் பாகம் என்று கேட்டேன்.

குளிர் தேசத்துப் பூச்செடியின் கிழங்கு என்றார். தின்றால் என்ன ஆகும் என்றேன்.

"வாந்தி எடுக்கும்மா. விஷம்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

"ஒட்டுனது விட்டுப்போயி ரத்தத்துல கலந்துச்சுன்னா?"

"கலக்காத மாதிரிதான் செஞ்சிருக்காங்க. நாங்க கவனிச்சுக்கிட்டே இருப்போம்."

"பிழைச்சிருவாரா?"

"அதைச் சொல்ல முடியலம்மா."

இவ்வளவு கேட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொல்லப்போனால் சந்தேகம் கூடித்தான் போனது. மூட்டையாக இருந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனாலும் டாக்டர் நீட்டிய சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் பிழைத்து வந்தார். ஃபில்டரால்தானா என்று கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். கொழுந்தனோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் செடியின் மகிமையைப் பாடுகிறான். எனக்கு இன்னும் பயம்தான். அவர் லேசாக இருமினால் போதும், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன்.

நேற்று சலித்துப்போய் என் கையைத் தட்டிவிட்டார். "இம்புட்டுச் சந்தேகத்த வச்சுக்கிட்டு எப்படிடி கையெழுத்துப் போட்ட?"

"சந்தேகம் தீர்ந்தா போட்டேன்? நீங்க வேணும்னு போட்டேன்."