ரூஃபஸ் எழுதியிருப்பார்

ஹெட் கான்ஸ்டபிள் ரூஃபஸுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் எழுத்து வேலை வந்தது. அதுவரை இருபத்தெட்டு வருடம் செகந்திராபாத் நாற்சந்திகளில் புகையைக் குடித்தபடி கை காட்டிக்கொண்டிருந்தவர். 2012 தொடக்கத்தில் ஸ்டேஷனுக்கென்று ஒரு பேஸ்புக் பக்கம் திறந்தார்கள். மிஷன் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் எழுத வரும் என்று இன்ஸ்பெக்டர் சக்ரபாணி அதை அவர் தலையில் கட்டினார்.

முதல் மாதம் வந்ததெல்லாம் வசவு. ரூஃபஸ் வசவுக்கும் மரியாதையாகப் பதில் போட்டார். ‘உரியவருக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை. டூட்டி முடிந்ததும் பைக்கைத் திருப்பிக்கொண்டு புகார் வந்த இடத்துக்குத் தானே போவார். முடிந்ததைச் செய்து, போட்டோ எடுத்து, ‘முடிந்தது – ரூஃபஸ்’ என்று போடுவார். முடியாவிட்டால் ‘முடியவில்லை – ரூஃபஸ்’. அந்த இரண்டாவது வாசகத்தால்தான் ஜனங்கள் முதலாவதை நம்பத் தொடங்கினார்கள்.

“குக்கர் கேஸ்கட் மாத்தணும்னு மூணு வாரமா கத்துறேன். அதையும் பேஸ்புக்ல போட்டாத்தான் வருவீங்களோ?” என்பாள் மனைவி லோயிஸ்.

ஆகஸ்டில் அல்வாலிலிருந்து ஒரு படம் வந்தது. குழாய் பதிக்கத் தோண்டி, மூடாமல் விட்ட ஆள் உயரப் பள்ளம். அனுப்பியவர் வெங்கடகிருஷ்ணன், பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று மாலையே ரூஃபஸ் இரண்டு இரும்புத் தடுப்புகளோடு போய் இறங்கினார். பெரியவர் குடையோடு ஓடி வந்தார்.

“ரூஃபஸ்னதும் ஆங்கிலோ இந்தியன்னு நெனச்சேன். தமிழாய்யா நீர்?”

“ஹவ் சார், தமிழ்தான். சொந்த ஊர் பாளையங்கோட்டை. பொறந்தது மட்டும் இங்க.”

“கம்ப்யூட்டர்ல எழுதினா போலீஸ் வருமான்னு எங்காத்துல சிரிச்சா. மாதங்கி, வாசலுக்கு வந்து பாரு, வந்திருக்கு!”

தடுப்பு வைத்து ‘முடிந்தது – ரூஃபஸ்’ என்று போட்ட படத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு லைக். அதன் பிறகு பெரியவர் தினமும் காலையில் காபியும் கையுமாக உட்கார்ந்து பக்கத்தைப் படிப்பார். தெருவில் யார் என்ன கேட்டாலும், “ரூஃபஸ் எழுதியிருக்காரா பாரும்” என்பார்.

செப்டம்பரில் விநாயகர் கரைப்பு வந்தது. ஊரில் உள்ள தடுப்புகளையெல்லாம் ஏரிக்கரைக்கு அனுப்ப உத்தரவு. ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். அல்வால் பள்ளத்துத் தடுப்புகளை வண்டியில் ஏற்றியவர் ரூஃபஸ்தான். ஏற்றிவிட்டு, ‘தடுப்பு எடுக்கப்பட்டுள்ளது, கவனம்’ என்று போனில் தட்டினார். அதற்குச் சற்றுக் கீழே அந்த ‘முடிந்தது’ படமும் இருநூற்றுப் பன்னிரண்டு லைக்கும் தெரிந்தன. ஒரு நாள்தானே, நாளைக்குத் திரும்ப வைத்துவிடலாம். தட்டியதை அழித்தார்.

மறுநாள் மாலை பெருமழை. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் வந்த வெங்கடகிருஷ்ணன், தண்ணீர் மூடிக்கிடந்த அந்தப் பள்ளத்தில் விழுந்து போய்ச்சேர்ந்தார். மாதங்கிக்குக் கை முறிந்தது.

பத்தாம் நாள் முடிந்த பிறகுதான் ரூஃபஸுக்கு அந்த வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு மாதங்கி சொன்னார்:

“கிட்ட வரச்சே, ‘ஏன்னா, தடுப்பைக் காணோமே’ன்னேன். ‘அப்போ மூடியிருப்பா. இல்லேன்னா ரூஃபஸ் எழுதியிருப்பார்’னார்.”

ரூஃபஸ் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதினேம்மா. எழுதிட்டு அழிச்சிட்டேன்.”

மாதங்கி, “அதையும் எழுதுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

தடுப்பு வைத்த அந்தப் போட்டோவைப் பக்கத்திலிருந்து நீக்கச் சொல்லியிருந்தார் சக்ரபாணி. பள்ளம் தோண்டியது போலீஸா என்று கேட்டார். பெயர் கெட்டால் நாளைக்கு யாரும் பக்கத்தைத் திறக்கமாட்டார்கள் என்றார். அதுவும் உண்மைதான். ரூஃபஸ் படத்தை நீக்கவில்லை. அதன் கீழேயே, தடுப்பை எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது, வண்டியில் ஏற்றியது யார், எழுதியதை ஏன் அழித்தது என்று ஒன்று விடாமல் எழுதிப் பெயரைப் போட்டார். மறுநாள் காலை பக்கம் அவர் கையைவிட்டுப் போனது. மல்லாபூர் முனையில், தொழிற்சாலை ஷிஃப்ட் விடும் நெரிசலில், மறுபடியும் கை காட்டத் தொடங்கினார்.

மூன்று வாரம் கழித்து அவர் போனில் ஒரு செய்தி. அனுப்பியவர் பெயர்: வெங்கடகிருஷ்ணன். ‘திரும்ப வெச்ச தடுப்பு காத்துல சாஞ்சுடுத்து. பள்ளம் இன்னும் மூடலை. ஸ்டேஷன் பக்கத்துல எழுதினேன். உரியவருக்கு அனுப்பியாச்சாம். – மாதங்கி.’

டூட்டி முடிந்து போனார். சாய்ந்த தடுப்பை நிமிர்த்திக் கம்பியால் விளக்குக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டினார். மாதங்கி கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்டோ எடுக்கலையா?”

“இப்ப அது என் வேலை இல்லம்மா.”

“எடுங்கோ. எழுதி எனக்கு அனுப்புங்கோ, அவர் பேர்ல நான் போடறேன்.”

ரூஃபஸ் எடுத்தார்.

“கீழ என்னம்மா எழுத?”

மாதங்கி பள்ளத்தைப் பார்த்தார். அடியில் இன்னும் தண்ணீர் நின்றிருந்தது.

“முடியலைன்னு எழுதுங்கோ. உங்க பேரையும் போடுங்கோ.”