சௌ. வித்யா, செம்பூர்: ஒரு பித்தளை ஸ்லைடு வந்த கதை

என் பேரை நானே சாண்ட் பேப்பர் வச்சு அழிச்சுட்டு இருக்கும்போது, மாமியார் கையும் களவுமா பிடிச்சுட்டாங்க!

போன வியாழக்கிழமை சாயங்காலம், மும்பை செம்பூர்ல எங்க வீட்டு பால்கனி.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன்னு சொல்றேன், கேளுங்க.

நான் ரெண்டு வருஷமா ஸ்லைடு கிட்டார் கத்துக்கிட்டு இருக்கேன். (ஆபீஸ், லோக்கல் ட்ரெயின், சமையல் எல்லாத்துக்கும் நடுவுலதான். எப்படின்னு கேக்காதீங்க!)

தெரியாதவங்களுக்கு: சுண்டு விரல்ல ஒரு குட்டிக் குழாயை மாட்டிக்கிட்டு, கம்பி மேல வச்சு வழுக்கணும். அந்தக் குழாய்தான் ஸ்லைடு. அது கண்ணாடியா, ஸ்டீலா, பித்தளையாங்கறதைப் பொறுத்து சத்தமே மாறிடும்.

என்கிட்ட இருந்தது கண்ணாடி. நல்ல சாஃப்ட் சத்தம்.

திங்கக்கிழமை கட்டில்லேர்ந்து உருண்டு விழுந்து நாலு துண்டு!

சனிக்கிழமை எங்க அபார்ட்மென்ட் சொசைட்டில கணபதி ப்ரோக்ராம். வாழ்க்கைல முதல் தடவையா மேடைல வாசிக்கப் போறேன். போர்டுல பேர்கூட எழுதிட்டாங்க. புது ஸ்லைடு ஆன்லைன்ல ஆர்டர் போட்டா அடுத்த வாரம்தான் வருமாம்.

ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஸ்டீல் ஸ்லைடு கொடுத்தார். வெயிட்டே இல்ல. சத்தம்? பல்லெல்லாம் கூசிடுச்சு!

அப்புறம் இருமல் மருந்து பாட்டில். (விரல் உள்ள போச்சு, வெளிய வரல. தேங்காய் எண்ணெய் ஊத்தி உருவினோம்.)

மாமியார் எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்தாங்க.

நான் கிட்டாரை எடுத்தாலே அவங்க டிவி வால்யூமைக் கூட்டிடுவாங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான். வெளிய சொல்லிக்கல, ஆனா எனக்கு வருத்தம்தான்.

புதன்கிழமை ஆபீஸ்லேர்ந்து வந்தா, டேபிள் மேல ஒரு சின்னப் பொட்டலம்.

உள்ள பித்தளை ஸ்லைடு!

மாமியாரைக் கேட்டேன்: "ஏதும்மா இது?"

"தாராவில லேத் பட்டறை வச்சிருக்காரே திருநெல்வேலிக்காரர், அவர்ட்ட போனேன். உடைஞ்ச கண்ணாடியை அளவுக்குக் காட்டினேன். 'எந்த மிஷினுக்கும்மா கேக்கிய?'ன்னார். 'எங்காத்து மாட்டுப்பொண்ணு விரலுக்கு'ன்னேன். ஆடிப் போயிட்டார்!"

"ஏம்மா பித்தளை?"

"கோவில் மணியை ஸ்டீல்லயா பண்றா? பித்தளைன்னாதான்டி நாதம் நிக்கும்."

(இதைத் தெரிஞ்சுக்க நான் ஒரு மாசம் வீடியோ பாத்தேன் மக்களே!)

ஸ்லைடைத் திருப்பினேன். நட்ட நடுவுல, புள்ளி புள்ளியா எழுத்து.

சௌ. வித்யா, செம்பூர்.

ஆமாங்க! பட்டறைலேர்ந்து நேரா மாட்டுங்கா பாத்திரக்கடைக்குப் போய் பேர் வெட்டிட்டு வந்திருக்காங்க!

எங்க வீட்ல பேர் வெட்டாம ஒரு ஸ்பூன்கூட உள்ள வராது. டம்ளர், அடுக்கு, இட்லித் தட்டு எல்லாத்துலயும் மாமியார் பேர். கல்யாணமாகி பதினொரு வருஷத்துல என் பேர் வெட்டின முதல் சாமான் இதுதான். கண்ல தண்ணி வந்துடுச்சு.

(செம்பூர் எதுக்குன்னு கேட்டேன். தொலைஞ்சா யாராவது கொண்டு வந்து கொடுக்கணுமாம்!)

ரூமுக்கு ஓடிப் போய் வாசிச்சேன். சத்தம் அப்படியே நீளமா நின்னுது, தங்கம்!

அடுத்த செகண்ட்... கர்ர்ர்ர்!

வெட்டின எழுத்து கம்பில மாட்டி உரசுது. ஒவ்வொரு இழுப்புக்கும் கர்ர்ர். "சௌ"லதான் ரொம்ப மோசம்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. கர்ர் வந்தா வந்துட்டுப் போறது"ன்னுட்டார். (மேடைல நிக்கப் போறது இவரா!)

சொன்னா அவங்க மனசு நொந்து போகும். சொல்லாட்டி நூறு பேர் முன்னாடி என் மானம் போகும்.

அதான் சாண்ட் பேப்பர். சொரசொரப்பு மட்டும் போகட்டும், எழுத்து இருக்கட்டும்னு மெதுவாதான் தேய்ச்சேன். "சௌ" மொத்தமா போயிடுச்சு!

அப்பதான் பின்னாடி குரல். "ஏண்டி, பேரை எதுக்கு அழிக்கறே?"

உளறினேன், அழுதேன், எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அவங்க முகம் வாடிப் போச்சு. அப்புறம், "கிட்டாரை எடு. வாசி, கேக்கறேன்."

வாசிச்சேன். கர்ர்ர்.

"அரே, இதுக்கா இத்தனை டென்ஷன்? கம்பில படறது விரலுக்கு அடிப்பக்கம்தானே? பேரை மேல் பக்கமாத் திருப்பிக்கோ."

"திருப்பிப் பாத்தேம்மா. லூஸா இருக்கு, வாசிக்க வாசிக்க சுத்திண்டு வந்துடறது."

"மோதிரம் லூஸா இருந்தா நூல் சுத்திக்கறதில்லையா? கையைக் காட்டு."

பழைய காட்டன் புடவைலேர்ந்து ஒரு பட்டை கிழிச்சு, என் சுண்டு விரல்ல சுத்தி, நூலால கட்டி, மேல ஸ்லைடை மாட்டினாங்க. கச்சிதம்! அசையவே இல்ல.

சனிக்கிழமை மேடை ஏறினேன். முதல் வரிசைல மாமியார்.

ஒரு கர்ர்கூட கிடையாது! கடைசி நோட்டு எங்க சொசைட்டி கேட் வரைக்கும் போய் நின்னுது.

கீழே இறங்கினதும் என் கையைப் பிடிச்சு, பக்கத்து மராத்தி ஆன்ட்டிகிட்ட மாமியார் காட்டறாங்க: "தேகோ, நாம் பீ லிக்கா ஹை!" (பாருங்க, பேரும் எழுதியிருக்காம்!)

சந்தோஷத்துல அன்னிக்கு எனக்கு சாப்பாடே இறங்கல.

கதை இதோட முடிஞ்சிருக்கணும் இல்லையா?

இன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து வந்து காபி குடிச்சுட்டு இருக்கேன். மாமியார் ரொம்ப சாதாரணமா சொல்றாங்க: "மூணாவது கம்பி சுருதி எறங்கியிருக்கு. பாத்துக்கோ."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நாளைக்கு தாராவி போகணும். அவர்ட்ட இன்னொண்ணு சொல்லியிருக்கேன். என் விரல் கொஞ்சம் குண்டு, உன்னோடது ஏற மாட்டேங்கறது."

காபி புரை ஏறிடுச்சு!

மக்களே, வீட்ல ஒரு கிட்டார்தான் இருக்கு. டைம்டேபிள் எப்படிப் போடறது, கொஞ்சம் சொல்லுங்களேன்?